‘கெட்’ எங்கே வரும், எங்கே வராது?

தாழம்பூ:
எல்லாருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில்தான் நாள் முழுக்க வேலை. மெயில் எழுதுகிறேன், கூட்டங்களில் பேசுகிறேன், பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால் ‘கெட்’ என்ற ஒரு சொல் மட்டும் கைக்கு அடங்குவதில்லை. கீழே இருப்பதைப் பாருங்கள்.

‘ஐ காட் எ லெட்டர்’ – எனக்குக் கடிதம் வந்தது.
‘ஐ காட் ஆங்ரி’ – எனக்குக் கோபம் வந்தது.
‘ஐ காட் ஹோம்’ – வீடு வந்து சேர்ந்தேன்.
‘ஐ கெட் இட்’ – புரிகிறது.
‘ஐ காட் ஹிட்’ – அடிபட்டேன்.
‘ஐ காட் ஹிம் டு சைன்’ – அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. இத்தனையையும் உருப்போட என்னால் ஆகாது. இதற்கெல்லாம் அடியில் ஒரே ஒரு பிடி இருக்கிறதா, இல்லை தனித்தனியாகத்தான் படிக்க வேண்டுமா?

சும்மாஇரு:
தமிழில் எழுதினாலே ‘கெட்’ என்று வருகிறது. கெட்ட சொல் என்று அதிலேயே போட்டிருக்கிறதே, எச்சரிக்கை போதாதா?

பழையபேனா:
பிடி இருக்கிறது, தாழம்பூ. பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: ‘கெட்’ தனியாக நிற்கும் சொல் இல்லை. அதற்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு சொல் மறைந்து நிற்கும். ஒன்று ‘ஹேவ்’, இல்லாவிட்டால் ‘பி’ (அதாவது ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’). அவை இரண்டும் நிலையைச் சொல்கின்றன. அந்த நிலைக்குள் நுழைவதைச் சொல்வது ‘கெட்’.

‘ஐ ஹேவ் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐ காட் எ கார்’ என்றால் இல்லாமல் இருந்தது, இப்போது வந்துவிட்டது. ‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறேன். ‘ஐ காட் டயர்ட்’ என்றால் களைத்துப்போனேன். ‘ஷீ இஸ் அட் ஹோம்’ என்றால் வீட்டில் இருக்கிறாள், ‘ஷீ காட் ஹோம்’ என்றால் போய்ச் சேர்ந்தாள். ‘தே ஆர் மேரிட்’ திருமணமானவர்கள், ‘தே காட் மேரிட்’ திருமணம் செய்துகொண்டார்கள்.

இப்போது உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். புரிகிறது என்பதும் அப்படித்தான். புரியாத பக்கத்திலிருந்து புரிந்த பக்கத்துக்கு வருவது. கையெழுத்துப் போட வைப்பதும் அப்படித்தான். அவர் போடாத நிலையில் இருந்தார், நான் அவரைப் போடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். வாக்கியத்தில் மாற்றம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ‘கெட்’ வர இடம் உண்டு. வெறும் இருப்பு என்றால் ‘கெட்’டுக்கு அங்கே வேலை இல்லை.

குறுந்தாடி:
பழையபேனா ஐயா சொன்னது சரி. ஆனால் தாழம்பூ தன்னையறியாமல் இன்னொன்றைக் காட்டியிருக்கிறார். அவர் கொடுத்த முதல் மூன்று தமிழ் வரிகளிலும் ‘வா’ இருக்கிறது. கடிதம் வந்தது, கோபம் வந்தது, வீடு வந்து சேர்ந்தேன்.

நாம் ‘எனக்கு’ என்று தொடங்கி, பொருள் நம்மிடம் வருவதாகச் சொல்கிறோம். எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்கு வேலை கிடைத்தது, எனக்குப் புரிந்தது. காய்ச்சலும் வேலையும்தான் எழுவாய். நாம் ஓரமாக நான்காம் வேற்றுமையில் உட்கார்ந்திருக்கிறோம். ஆங்கிலக்காரர் ‘ஐ’யை முன்னால் நிறுத்திவிட்டு அதே செய்தியைச் சொல்கிறார். அப்போது அவருக்கு ஒரு வினைச்சொல் தேவைப்படுகிறது. அந்த இடத்தில்தான் ‘கெட்’ வந்து உட்காருகிறது.

எனவே என் சூத்திரம்: தமிழில் ‘எனக்கு … வந்தது’, ‘எனக்கு … கிடைத்தது’ என்று மனதில் தோன்றினால், பத்துக்கு ஏழெட்டு முறை ஆங்கிலத்தில் ‘ஐ காட்’ சரியாக இருக்கும்.

தாழம்பூ:
ஆகா, இது நன்றாக இருக்கிறது. ஆனால் ‘எனக்கு ஒரு யோசனை வந்தது’ என்பதற்கு ‘ஐ காட் அன் ஐடியா’ என்று எழுதினால் சரியா?

பழையபேனா:
எழுதலாம், பிழை இல்லை. ‘ஐ ஹேட் அன் ஐடியா’ என்பது இன்னும் இயல்பு. ‘ஐ காட் தி ஐடியா ஃப்ரம் ஹிம்’ என்று எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தால் ‘காட்’ நன்றாகப் பொருந்தும். குறுந்தாடி பத்துக்கு ஏழெட்டு என்று பாதுகாப்பாகச் சொல்லிவைத்தது நல்லதாகப் போயிற்று.

இரவுப்பறவை:
ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள சொல் ‘கெட்’ தான் என்று எங்கோ படித்தேன்.

ஏட்டுச்சுவடி:
இல்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு இருந்தது. ஏறத்தாழ 430 பொருள்கள், விளக்கம் மட்டுமே 60,000 சொற்கள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கியதும் ‘மேக்’, ‘புட்’ என்று முதலிடம் கைமாறி, 2011 வாக்கில் ‘ரன்’ என்ற வினை 645 பொருள்களோடு மேலே ஏறிவிட்டது. ‘கெட்’டும் பெரிய புள்ளிதான், முதலிடம் மட்டும் இல்லை.

எண்ணிக்கையை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு பொருளை இரண்டாகப் பிரிப்பதா, ஒன்றாக வைப்பதா என்பது அகராதி எழுதுகிறவரின் கையில் இருக்கிறது.

வரலாற்றுப் பக்கம் இதைவிடச் சுவையானது. ‘கெட்’ ஆங்கிலத்தில் பிறந்த சொல் இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங் மக்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று ஒரு வினை இருந்தது. அடைவது, பெறுவது என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் இது. பழைய ஆங்கிலத்திலும் இதன் உறவுக்காரச் சொல் இருந்தது, ஆனால் தனியாக அல்ல, முன்னொட்டோடுதான் பெரும்பாலும் வரும். ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ இரண்டும் அந்தக் குடும்பம்.

ஒலியைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ய’ போன்ற ஒலி இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் மறப்பதை ‘ஃபொர்யெட்டன்’ என்பது போல எழுதியிருக்கிறார்கள். நோர்ஸ் செல்வாக்கு இல்லாமல் போயிருந்தால் இன்று ‘ஐ யெட் இட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்னவோ. ‘கிவ்’ என்பதற்கும் இதே கதைதான். வாங்குவது, கொடுப்பது இரண்டின் ஒலியும் கடல் கடந்து வந்தவர்களின் உபயம்.

மணல்மேடு:
ஏட்டுச்சுவடி அண்ணா, ‘பிகெட்’ என்றால் பிள்ளை பெறுவதுதானே? தந்தையைச் சொல்வது?

ஏட்டுச்சுவடி:
அதேதான். நோர்ஸ் ‘கெட்டா’வுக்கே இரண்டு பொருளும் உண்டு: ஒன்றை அடைவது, பிள்ளை பெறுவது. இப்போது நம் ‘பெறு’வை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு பெற்றான், பிள்ளை பெற்றாள். பெற்றோர், மக்கட்பேறு எல்லாம் அதே வேர். இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, யாரும் ‘கெட்’ தமிழிலிருந்து போனது என்று இழையைத் திசைதிருப்ப வேண்டாம், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையை ஒரு பேறாகப் பார்க்கும் எண்ணம் இரண்டு இடத்திலும் தனித்தனியே முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில் மத்தேயுவின் தொடக்கத்தில் வரும் தலைமுறை வரிசை முழுக்க ‘பிகேட்’, ‘பிகேட்’ என்றே போகும். தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்’ என்று இருக்கிறது. ஆண்பாலுக்குப் ‘பெற்றான்’ என்பது இன்று காதுக்குப் புதிதாக இருக்கும், ஆனால் மொழிபெயர்த்தவர்கள் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள்.

கொசுறு: பிரிட்டிஷ்காரர்கள் திட்டும் ‘கிட்’ என்ற சொல்லும் (குழந்தையைச் சொல்லும் ‘கிட்’ இல்லை, அது வேறு) இதே ‘கெட்’தான். பிள்ளை என்ற பொருள், முறையில்லாமல் பிறந்தவன் என்று இறங்கி, கடைசியில் மடையன் என்ற அளவில் நின்றுவிட்டது.

நிரல்காரன்:
எங்கள் துறையிலும் இவர் பெரிய ஆள். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உலாவி சர்வரிடம் அனுப்புவதும் ‘கெட்’ கோரிக்கைதான். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1991-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் இந்த ஒரு கட்டளை மட்டுமே இருந்தது. ஆனால் பழையபேனா ஐயாவின் கொள்கைக்கு எங்களிடம் எதிர்வழக்கு உண்டு. எங்கள் ‘கெட்’ எதையும் மாற்றக் கூடாது என்பதுதான் விதி. எடுத்துப் பார்க்கலாம், சர்வரில் இருப்பதில் கைவைக்கக் கூடாது.

பழையபேனா:
சர்வர் மாறவில்லை, சரி. கேட்டவர் கையில் இல்லாத பக்கம் இப்போது வந்ததா இல்லையா? மாற்றம் கேட்டவர் பக்கம். வழக்கு தள்ளுபடி.

மணல்மேடு:
அமெரிக்கர்கள் சில இடங்களில் ‘காட்’டுக்குப் பதில் ‘காட்டன்’ என்கிறார்களே, அது பிழையா? பிரிட்டிஷ் ஆங்கிலம் படித்த என் மேலாளர் அதைக் கண்டாலே சிவப்பு மை எடுக்கிறார். (துணி இல்லை. தமிழில் எழுதினால் பருத்தியும் இதுவும் ஒன்றாகிவிடுகிறது, மன்னிக்கவும்.)

ஏட்டுச்சுவடி:
பிழை இல்லை, பழைய வடிவம். இங்கிலாந்திலேயே முன்பு புழங்கியது. பிறகு அங்கே பெரும்பாலும் ‘காட்’ என்று சுருங்கிவிட்டது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. ‘ஃபர்காட்டன்’ என்பதை உங்கள் மேலாளர் திருத்துவாரா? மாட்டார். ‘இல்-காட்டன்’ என்று தவறான வழியில் சேர்த்த பணத்தைச் சொல்லும் தொடர் பிரிட்டனிலும் அப்படியே இருக்கிறது.

அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு அழகாக வேலை பிரித்திருக்கிறார்கள். ‘ஐ’வ் காட் எ டிக்கெட்’ என்றால் என்னிடம் டிக்கெட் இருக்கிறது. ‘ஐ’வ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் வாங்கிவிட்டேன். முதலாவது இருப்பு, இரண்டாவது அடைதல். எனவே ‘காட்’ வரும் இடத்திலெல்லாம் ‘காட்டன்’ போட்டால் அமெரிக்க ஆங்கிலம் ஆகிவிடாது. ‘கையில் ஐந்து நிமிடம் இருக்கிறது’ என்பதற்கு அவர்களும் ‘காட்’ தான் சொல்வார்கள்.

தாழம்பூ:
ஒரு நிமிடம். ‘ஐ’வ் காட்’ என்பது இருப்பைச் சொல்கிறது என்றால், ‘கெட்’ என்றால் மாற்றம் என்ற பிடி இங்கே நழுவுகிறதே?

பழையபேனா:
நல்ல கேள்வி. வடிவத்தைப் பாருங்கள், அது முடிந்த வினை. ‘அடைந்துவிட்டேன்’ என்றால் விளைவு என்ன? இப்போது என்னிடம் இருக்கிறது. பல தலைமுறை அந்த விளைவை மட்டுமே பார்த்துப் பார்த்து, அடைந்த கதை மறந்து, இருப்பு மட்டும் மிச்சமாகிவிட்டது. ‘ஐ’வ் காட் ப்ரவுன் ஐஸ்’ என்கிறார்கள், கண்ணை யாரும் போய் வாங்கிவரவில்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. இந்த இருப்புப் பொருள் நிகழ்காலத்தில்தான் சௌகரியமாக வரும். ‘அப்போது என்னிடம் ஒரு நாய் இருந்தது’ என்பதற்கு ‘ஐ ஹேட் காட் எ டாக்’ என்று எழுதாதீர்கள், ‘ஐ ஹேட் எ டாக்’ போதும். கட்டாயத்துக்கும் அப்படித்தான். இன்று போக வேண்டும் என்றால் ‘ஐ’வ் காட் டு கோ’, நேற்றுப் போக வேண்டியிருந்தது என்றால் ‘ஐ ஹேட் டு கோ’.

இரவுப்பறவை:
‘காட் டு’ என்பதில் நான் பலமுறை குழம்பியிருக்கிறேன். ‘ஐ காட் டு சீ ஹிம்’ என்றால் என்ன?

குறுந்தாடி:
இரண்டு பொருள், அதுவும் ஏறக்குறைய எதிரெதிர். ஒன்று, அவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது, பார்த்துவிட்டேன், மகிழ்ச்சி. இன்னொன்று, பேச்சில் ‘வ்’ விழுந்துபோன ‘ஐ’வ் காட் டு’, அதாவது இனிமேல்தான் பார்க்க வேண்டும், பார்த்தே ஆக வேண்டும். எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பேச்சில் கட்டாயத்தைச் சொல்வது பெரும்பாலும் ‘காட்டா’ என்று குழைந்துவிடும், வாய்ப்பைச் சொல்வது அவ்வளவு குழையாது. மெயிலில் எழுதுவதாக இருந்தால் வாய்ப்புக்கு ‘வாஸ் ஏபிள் டு’ என்றோ கட்டாயத்துக்கு ‘ஹேவ் டு’ என்றோ எழுதித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

இலக்கணப்புலி:
இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். ‘காட் ஹிட்’, ‘காட் ஃபயர்ட்’ போன்றவற்றையும் சாதாரணமாகச் சேர்த்துப் பேசுகிறீர்களே. செயப்பாட்டு வினைக்கு ‘வாஸ்’ இருக்கிறது. ‘காட்’ என்பது கொச்சை. சொல்லித்தருகிறவர்களே இப்படிச் சொன்னால் எப்படி?

பழையபேனா:
புலி சார், பேச்சுவழக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். கொச்சை என்றால் ஒப்பமாட்டேன். ‘வாஸ்’ செய்ய முடியாத வேலையை இது செய்கிறது. ‘தி விண்டோ வாஸ் ப்ரோக்கன்’ என்று எழுதினால், சன்னல் உடைந்தது என்கிறீர்களா, நான் போனபோதே உடைந்திருந்தது என்கிறீர்களா? இரண்டும் ஆகும். ‘காட் ப்ரோக்கன்’ என்றால் உடைந்த நிகழ்ச்சி மட்டும்தான்.

அதோடு ‘காட்’ வரும்போது ஒரு தொனியும் வருகிறது. பெரும்பாலும் கெட்டது நடந்தது, இல்லாவிட்டால் அதிர்ஷ்டம் அடித்தது. வேலை போயிற்று, மாட்டிக்கொண்டான், பதவி உயர்ந்தது. ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி எழுதும்போது ‘இட் காட் பில்ட்’ என்றால் உறுத்தும், ‘வாஸ் பில்ட்’ தான். ஆனால் பல வருடம் இழுத்தடித்து ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள் என்றால் ‘இட் ஃபைனலி காட் பில்ட்’ அருமையாக உட்காரும். அந்த ‘ஒருவழியாக’ என்ற பெருமூச்சு ‘வாஸ்’ஸில் வராது.

மணல்மேடு:
நம்மிடமும் இது உண்டே! யாராவது பேச்சில் ‘நான் ஆசிரியரால் திட்டப்பட்டேன்’ என்கிறார்களா? ‘திட்டு வாங்கினேன்’ என்கிறோம். அடி வாங்கினான், உதை வாங்கினான், நல்ல பெயர் வாங்கினான். செய்தது யார் என்பதை விட்டுவிட்டு, பட்டவன் எதையோ போய் வாங்கிவந்த மாதிரி சொல்கிறோம். ‘காட் ஸ்கோல்டட்’ அப்படியே இதுதான்.

குறுந்தாடி:
மணல்மேடு, பின்னிவிட்டீர்கள். இன்னும் ஒரு படி போகலாம். ‘அவனிடம் வேலை வாங்குவது கஷ்டம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் ‘கெட்’ தான், ‘இட்’ஸ் ஹார்ட் டு கெட் ஹிம் டு வொர்க்’. பொருளை வாங்கு, திட்டு வாங்கு, வேலை வாங்கு. கடைப்பொருள், செயப்பாட்டு, பிறவினை, மூன்றையும் நம் ‘வாங்கு’ சுமக்கிறது. ‘கெட்’டைப் பார்த்து ஒரே சொல்லுக்கு இத்தனை வேலையா என்று மலைப்பவர்கள் சொந்த வீட்டில் இருப்பதைக் கவனிக்கவில்லை.

இலக்கணப்புலி:
‘திட்டு வாங்கினேன்’ என்று அலுவல் கடிதத்தில் எழுதுவீர்களா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பழையபேனா:
அந்த அளவில் நாம் ஒரே கட்சி. முறையான அறிக்கையில் ‘காட்’ செயப்பாட்டைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் ‘கெட்’டை எங்கே கண்டாலும் அடித்துவிட்டு ‘அப்டெய்ன்’, ‘ரிசீவ்’, ‘பிகம்’ என்று மாட்டச் சொல்லும் வழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. அப்படிப் பழகிய ஒருவர் சக ஊழியருக்கு ‘ப்ளீஸ் அப்டெய்ன் மீ எ சேர்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலி கேட்கிறாரா, நீதிமன்றத்தில் தடையாணை கேட்கிறாரா என்றே புரியவில்லை. ‘கெட் பெட்டர்’, ‘கெட் ரெடி’, ‘கெட் யூஸ்ட் டு’ எல்லாம் எந்த நல்ல எழுத்திலும் வரலாம்.

தாழம்பூ:
பிறவினை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். ‘டு’ எப்போது வரும் என்பதில்தான் நான் எப்போதும் தடுமாறுகிறேன்.

பழையபேனா:
ஆளைச் செய்ய வைத்தால், ‘கெட்’டுக்கு ‘டு’ கட்டாயம்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. ‘மேக்’, ‘ஹேவ்’ இரண்டுக்கும் ‘டு’ வரக் கூடாது: ‘ஐ மேட் ஹிம் சைன்’, ‘ஐ ஹேட் ஹிம் சைன்’. நம்மவர்கள் இதைத் தலைகீழாக்கி ‘மேட் ஹிம் டு சைன்’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருளிலும் வேறுபாடு உண்டு. ‘மேட்’ என்றால் வற்புறுத்தல், ‘ஹேட்’ என்றால் சொன்னால் செய்ய வேண்டியவரிடம் சொன்னது, ‘காட்’ என்றால் பேசி, கெஞ்சி, எப்படியோ சம்மதிக்க வைத்தது.

பொருள்மேல் வேலை நடந்தால் இறந்தகால எச்ச வடிவம்: ‘ஐ காட் மை ஹேர் கட்’. தமிழில் ‘முடி வெட்டினேன்’ என்று சொன்னாலும் வெட்டியது இன்னொருவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தது நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு தலையை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நிரல்காரன்:
வண்டிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ‘கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்’ என்று எழுதி வெளிநாட்டுச் சகாக்களிடம் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

குறுந்தாடி:
இந்திய ஆங்கிலத்தில் அது சகஜம், வெளியே ‘கெட் ஆஃப்’ என்றுதான் எதிர்பார்ப்பார்கள். எளிய கணக்கு: ஏறியபின் உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. பேருந்து, ரயில், விமானம், கப்பல் அப்படி. குனிந்து நுழைந்து உட்கார்ந்தே ஆக வேண்டியது என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. காரும் டாக்சியும் அந்த வகை. சைக்கிளும் குதிரையும் மேலே உட்கார்வதால் ‘ஆன்’, ‘ஆஃப்’.

இரவுப்பறவை:
கடைசியாக ஒன்று. பர்ஸ் திருடு போனதைச் சொல்ல ‘ஐ காட் மை வாலெட் ஸ்டோலன்’ என்று எழுதினேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன்?

ஏட்டுச்சுவடி:
முடி வெட்டிக்கொண்ட அதே அமைப்பில் போய் விழுந்துவிட்டது. பேச்சில் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் நீங்களே ஆள் வைத்துத் திருடச் சொன்ன மாதிரியும் அதைப் படிக்கலாம். ‘ஐ ஹேட் மை வாலெட் ஸ்டோலன்’ என்பதே வழக்கம். அதைவிட ‘மை வாலெட் காட் ஸ்டோலன்’ என்று பர்ஸை முன்னால் போட்டுவிட்டால் உங்கள்மேல் சந்தேகமே வராது.

சும்மாஇரு:
காப்பீட்டுப் படிவத்தில் மட்டும் ‘வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதுங்கள். புலி சார் படிக்கிறார்.